தராசும் கையுறையும்

(பழைய மாணவன் ஒருவன்)

யூபிலி விழா என்பது கடந்த காலத்தை நினைந்து மகிழ்வதற்கு மட்டும் உரிய நாளன்று. வருங்காலத்து மாணாக்கருக்கு எதனை விட்டுச்செல்லப் போகின்றோம் என எண்ணிப் பார்ப்பதற்கும் உரிய நாளாகும். இவ்விழாவை முன்னிட்டுப் பழைய மாணவரிடையே யோசனைகள் பல எழுந்துள்ளன. நெடுங்காலத்துக்கு முன் நம் கல்லூரியில் நடைபெற்றுப் பின்னர் கைவிடப்பட்ட குத்துச்சண்டைப் பயிற்சியை மீண்டும் தொடங்குதல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கயிறு கட்டிய அரங்கையும், கையுறைகளையும், மணல்மூட்டைகளையும் வாங்குவதற்குப் பொருளுதவி செய்ய அன்பர் சிலர் முன்வந்துள்ளனர். அவர்தம் ஆர்வம் பாராட்டற்குரியது. யானும் இவ்யோசனையை எதிர்ப்பவன் அல்லேன். ஆயினும், அரங்கையும் கையுறையையும் வாங்குமுன் வாங்கவேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது ஒரு நல்ல தராசு. அத்தராசை எதற்குப் பயன்படுத்துவது, எதற்குப் பயன்படுத்தலாகாது என்னும் நியதியும் அதனுடன் வேண்டும். அந்நியதி இல்லாவிடின் அரங்கும் வேண்டா என்பதே என் துணிபு. அதற்குரிய காரணங்களைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

குத்துச்சண்டையில் உடல் நிறை எத்துணை இன்றியமையாதது என்பதை முதற்கண் ஆராய்வோம். இங்கிலாந்தில் 1743ஆம் ஆண்டில் ஜாக் புரோட்டன் என்பவர் வகுத்த விதிகளில் நிறைப் பிரிவு என்னும் பேச்சே இல்லை. வெறுங்கையாற் போரிட்ட அக்காலத்தில் மெலியோனும் வலியோனும் ஒரே களத்தில் எதிர்நின்றனர். 1867ஆம் ஆண்டில் குயின்ஸ்பெரிப் பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகள் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் நிலைநாட்டின. எனினும், நாம் இன்று அறிந்த நிறைப் பிரிவுகள் 1909ஆம் ஆண்டிலேயே இலண்டன் தேசிய விளையாட்டுக் கழகத்தினரால் ஒழுங்காக வரையறுக்கப்பட்டன. 112 இறாத்தலுக்கு உட்பட்டோர் பிளைவெயிற், 118க்கு உட்பட்டோர் பன்ரம்வெயிற், 126க்கு உட்பட்டோர் பெதர்வெயிற், 135க்கு உட்பட்டோர் லயிற்வெயிற், 147க்கு உட்பட்டோர் வெல்ரர்வெயிற், 160க்கு உட்பட்டோர் மிடில்வெயிற், 175க்கு உட்பட்டோர் லயிற் ஹெவிவெயிற், அதற்கு மேற்பட்டோர் யாவரும் ஹெவிவெயிற் என எட்டுப் பிரிவுகள் அமைந்தன. ஈ என்றும், சிறுகோழி என்றும், இறகு என்றும் பெயர்கள் விளையாட்டாக இடப்பட்டனவாயினும், அவற்றின் பின்னுள்ள கருத்து விளையாட்டன்று. ஒத்த உடலினரே ஒத்த களத்தில் நிற்றல் வேண்டும் என்பதே அக்கருத்து. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அவ்வெட்டுப் பிரிவுகள் பின்னர் 17 ஆகவும் அதற்கு மேலாகவும் பெருகின. 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் ஆடவர்க்கு 7 பிரிவுகளும் மகளிர்க்கு 6 பிரிவுகளும் இருந்தன.

குத்து என்பது கையினின்று மட்டும் பிறப்பதன்று. பாதம் நிலத்தை உந்த, இடை திரும்ப, தோள் முன்செல்ல, உடல் முழுவதும் முட்டியின் பின்னே வந்து சேரும்போதே அது வன்மை பெறுகின்றது. ஆதலின் உடலின் பாரம் குத்தின் பாரமாக மாறுகின்றது. அன்றியும், பாரமுள்ளோன் பெரும்பாலும் உயர்ந்தவனாகவும் நீண்ட கையினனாகவும் இருப்பான். நெருங்கி நின்று பற்றிக்கொள்ளும் வேளையில் அவன் தன் உடலைச் சாய்த்தாலே மற்றவன் களைத்துவிடுவான். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கும் அடியைத் தாங்கும் கழுத்தும் உடற்கட்டும் நிறையோடு வளர்பவை. அடித்தலிலும் தாங்குதலிலும் ஒருங்கே பயன்தருவது நிறை.

இதற்குச் சான்று வேண்டுவோர் 1934ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாம் நாள் மயாமி நகரில் நடந்த போட்டியை நினைவு கொள்வாராக. அன்று உலக ஹெவிவெயிற் வீரராக விளங்கிய பிரிமோ கார்னேரா 270 இறாத்தல் நிறையினர். அவரை எதிர்த்த ரொமி லொக்றன் 184 இறாத்தல் நிறையினர். லொக்றன் முன்னாள் லயிற் ஹெவிவெயிற் உலக வீரர். கையின் நுட்பத்திலும் காலின் விரைவிலும் தம் காலத்தில் தலைசிறந்தோருள் ஒருவர். கார்னேராவோ நுட்பத்துக்குப் பெயர் பெற்றவர் அல்லர். ஆயினும் 86 இறாத்தல் வேறுபாடு தன் வேலையைச் செய்தது. 15 சுற்றுகளின் முடிவில் வெற்றி பாரத்துக்கே கிடைத்தது.

மறுபுறத்தையும் கூறாதுவிடல் நேர்மையன்று. 1919ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் ரொலிடோ நகரில் 187 இறாத்தல் நிறையினரான ஜாக் டெம்சி, 245 இறாத்தல் நிறையினரான ஜெஸ் வில்லாட்டை முதற் சுற்றிலேயே பன்முறை வீழ்த்தி மூன்றாம் சுற்றின் முடிவில் வெற்றி கொண்டார். அண்மைக் காலத்திலும், 2024ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள் றியாத் நகரில், 226 இறாத்தல் நிறையினரான உக்கிரேனிய வீரர் ஒலெக்சாந்தர் உசிக், 281 இறாத்தல் நிறையினரான ரைசன் பியூரியை இரண்டாம் முறையாகத் தோற்கடித்தார். இவற்றை எடுத்துக்காட்டி, 'நிறையில் ஒன்றுமில்லை, திறமையே எல்லாம்' என வாதிடுவோர் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். டெம்சியும் உசிக்கும் ஒரு தலைமுறையில் ஒருவர் இருவராகத் தோன்றும் அருந்திறலாளர். எதிரியினும் மிகப்பெரிதும் மேம்பட்ட திறமை இருந்தாலன்றிப் பாரத்தின் குறையை ஈடுசெய்தல் இயலாது என்பதையே அவர்தம் வெற்றிகள் காட்டுகின்றன. பாடசாலை மாணவரிடையே அத்தகைய வேறுபாடு இருப்பதில்லை. பயிற்சியில் யாவரும் ஏறக்குறைய ஒத்தவரே. அங்கே நிறை வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கும். மேலும், 281 இறாத்தல் நிறையினர்க்குப் 10 இறாத்தல் என்பது ஒரு பொருட்டன்று; 90 இறாத்தல் நிறையுள்ள சிறுவனுக்கோ அஃது ஒன்பதில் ஒரு பங்கு.

நம் நாட்டினரைப் போன்ற சிற்றுடலினர்க்கு நிறைப் பிரிவு ஒரு பெரும் அரண். 1938ஆம் ஆண்டு சிட்னி நகரில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிக்கஸ் என்னும் இலங்கை வீரர் தங்கப்பதக்கம் பெற்றார். அவ்விழாக்களில் இந்நாடு பெற்ற முதலாவது தங்கப்பதக்கம் அதுவே. அவர் அதனைப் பெற்றது பெதர்வெயிற் பிரிவிலேயாகும். அப்பிரிவு என ஒன்று இல்லாதிருந்தால் அத்திறமை உலகிற்கு வெளிப்பட்டிருக்குமா? ஆகவே, நிறைப் பிரிவு என்பது மெலியோனைக் காக்கவும் திறமையைத் திறமையோடு ஒப்பிடவும் எழுப்பப்பட்ட வேலி என்பதில் ஐயமில்லை.

நிற்க. வேலி எழுந்தவுடன் அதனைத் தாண்டும் வழியையும் மனிதன் கண்டுபிடித்தான். உண்மையில் 126 இறாத்தல் உள்ள ஒருவன், தராசில் ஏறும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் 118 இறாத்தல் உள்ளவனாகத் தோன்றினால், பின்னர் பழைய நிறைக்கு மீண்டு தன்னிலும் சிறியவனோடு பொருதலாம் என்பது அவ்வழி. இதனையே நிறை குறைத்தல் என்கின்றனர். கொழுப்பைக் குறைத்தல் வாரக்கணக்கான வேலை. ஓரிரு நாளிற் குறைவது கொழுப்பன்று, நீரே. உடலிற் பாதிக்கும் மேற்பட்ட பங்கு நீர்; ஓர் இலீற்றர் நீர் ஒரு கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 2.2 இறாத்தல். கம்பளிச் சட்டையும் இறப்பர் உடையும் அணிந்து வெயிலில் ஓடியும், வெந்நீராவி அறையில் அமர்ந்தும், நீர் அருந்தாது வாயிலூறும் எச்சிலையும் உமிழ்ந்தும், பேதி மருந்து உட்கொண்டும் அந்நீரை வெளியேற்றுகின்றனர். உணவை விலக்கும்போது தசைகளிற் சேமித்துள்ள மாச்சத்தும் தீர்ந்துபோகின்றது. ஒவ்வொரு கிராம் மாச்சத்தோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரும் வெளியேறுகின்றது. தராசின் முள் இறங்குகின்றது. இளைஞன் மகிழ்கின்றான்.

ஆனால் உடலினுள் நிகழ்வது யாது? வியர்வையாகச் சென்ற நீரின் ஒரு பங்கு இரத்தத்தினின்று சென்றது. இரத்தத்தின் அளவு குறைய, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னினும் குறைந்த இரத்தத்தையே செலுத்துகின்றது. அக்குறையை நிரப்ப விரைந்து துடிக்கின்றது. தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைதலால் உடலின் வெப்பம் வெளியேற வழியின்றி ஏறுகின்றது. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே நீண்டநேரம் முயலும் ஆற்றல் தளரத் தொடங்கும் என்பது உடற்றொழிலியலார் நன்கறிந்த செய்தி. 120 இறாத்தல் நிறையுள்ள இளைஞனுக்கு அஃது இரண்டரை இறாத்தலுக்கும் குறைவு! தராசினின்று இறங்கியவுடன் குடம் குடமாக நீரைக் குடித்தாற் போதுமே எனின், வயிறு நிரம்புதல் வேறு, உடல் நிரம்புதல் வேறு. இழந்த நீரும் உப்பும் உரிய இடங்களைச் சென்றடையப் பல மணி நேரம் வேண்டும். தசைகளின் மாச்சத்து மீள நிரம்புவதற்கு ஒரு நாள் அளவும் வேண்டும். தலையில் அடிபடும் விளையாட்டில் நீர் வற்றிய மூளைக்கு ஏதம் மிகுதியாகுமோ என மருத்துவர் பலர் அஞ்சுகின்றனர். பிள்ளைகளின் பொறுப்பை ஏற்ற கல்லூரி ஒன்றுக்கு அவ்வச்சமே போதிய எச்சரிக்கையாகும்.

நீரின் அருமையை உணர்த்துவதற்கு 1952ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாள் நியூயோர்க் நகரில் நடந்த போட்டியினும் சிறந்த பாடம் இல்லை. மிடில்வெயிற் உலக வீரரான சுகர் றே றொபின்சன், லயிற் ஹெவிவெயிற் வீரரான ஜோயி மக்சிமை எதிர்த்தார். றொபின்சன் 157½ இறாத்தல். மக்சிம் 173 இறாத்தல். அன்றிரவு அரங்கருகே வெப்பம் நூறு பாகை பரனைற்றுக்கும் மேலாக இருந்தது. வெப்பம் தாங்காது மத்தியஸ்தரே பத்தாம் சுற்றின் பின் விலக, வேறொருவர் அவரிடத்துக்கு வந்தார். புள்ளிகளில் முன்னணியில் நின்ற றொபின்சன் பதின்மூன்றாம் சுற்றின் முடிவில் தம் மூலையை அடைவதற்கும் பிறர் துணை வேண்டியவரானார். பதினான்காம் சுற்றுக்கு எழவில்லை. உலகமே வியந்த வீரர் ஒருவரை எதிரியின் கை வீழ்த்தவில்லை. வெப்பமும் பாரமும் சேர்ந்து வீழ்த்தின. நம் நாட்டின் வெப்பம் ஆண்டு முழுவதும் உள்ளது. முன்னமே நீர் வற்றிய ஒரு சிறுவனை இவ்வெப்பத்தில் அரங்கேற்றுதல் எத்துணைப் பேதைமை!

தொழில்முறைக் குத்துச்சண்டையில் முற்காலத்தில் போட்டி நாளன்றே வீரரை நிறுப்பது வழக்கம். 1980ஆம் ஆண்டுகளில் அது முதனாளுக்கு மாற்றப்பட்டது. நீர் வற்றியவர் மீண்டும் நீர் அருந்தித் தேறுவதற்குக் காலம் கிடைக்கும் என்பது அம்மாற்றத்தின் நன்னோக்கம். விளைந்ததோ வேறு. காலம் கிடைத்ததும் குறைப்பின் அளவும் பெருகிற்று. 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் நியூயோர்க்கில் ஆர்துரோ கற்றியும் ஜோயி கமாஷும் 141 இறாத்தல் எல்லையில் மோதினர். முதனாள் இருவரும் எல்லைக்கு உட்பட்டவர் என அறிவிக்கப்பட்டது. போட்டி இரவில் தொலைக்காட்சி நிறுவனத்தாரின் தராசு காட்டியது: கமாஷ் 145, கற்றி 160. இரண்டாம் சுற்றிலே கமாஷ் உணர்விழந்து வீழ்ந்தார். மூளையில் ஏற்பட்ட காயத்தால் அவர் அதன்பின் ஒருபோதும் போட்டியிடவில்லை. தாளில் ஒரே பிரிவு. அரங்கில் 15 இறாத்தல் வேறுபாடு. காக்க எழுந்த வேலியே கண்ணியாக மாறிய கதை இது.

இனி, என் அனுபவம் ஒன்றைக் கூற வாசகர் பொறுத்தருள்வாராக. தன்னைப் பற்றி எழுதுதல் எனக்கு உவப்பன்று. ஆயினும் இப்பொருளில் யான் பேசுவதற்கு உள்ள உரிமை அதுவொன்றே. மாணவனாக இருந்த காலத்தில் யானும் குத்துச்சண்டை பயின்றேன். எனக்குரிய பிரிவில் என் நண்பன் ஒருவனும் இருந்தான். அவன் என்னிலும் சிறந்தவன். அதற்குக் கீழ்ப்பிரிவில் எங்கள் அணியில் ஒருவரும் இல்லை. போட்டிக்கு ஐந்து நாளுக்கு முன் பயிற்றுநர் என்னை அழைத்து, "தம்பி, ஓர் ஆறு இறாத்தல் குறைத்தால் இரண்டு பிரிவிலும் எங்களுக்குப் புள்ளி கிடைக்கும்" என்றார். அவர் சொல்லை மறுப்பதற்கு எனக்கு அன்று மனம் வரவில்லை. மறுக்கலாம் என்னும் எண்ணமே தோன்றவில்லை என்பது இன்னும் உண்மை. விடுதியில் நண்பர் புட்டும் பழமும் உண்ண, யான் வெறுந்தேநீரில் நாளைக் கழித்தேன். இறுதி இரண்டு நாளும் தண்ணீரையும் விலக்கினேன். நண்பகல் வெயிலில் இரண்டு கம்பளிச் சட்டை அணிந்து மைதானத்தைச் சுற்றி ஓடினேன். தராசில் ஏறியபோது அரை இறாத்தல் குறைவாகவே இருந்தேன். எல்லோரும் கைதட்டினர். என் வாழ்நாளில் யான் பெற்ற மிகப் பொய்யான கைதட்டு அதுவே.

அன்று மாலை முதற் சுற்றில் யாதொரு குறையும் தோன்றவில்லை. இரண்டாம் சுற்றின் நடுவில் கால்கள் என்னுடையன அல்ல என்று உணர்ந்தேன். எதிரியின் கை வருவதைக் கண் கண்டது. தலையை விலக்க உடல் இசையவில்லை. அஃதொரு வலிய குத்தன்று. பயிற்சியிலே அத்தகைய குத்துகளை நாளும் வாங்கிச் சிரித்தவன் யான். அன்று அதனால் வீழ்ந்தேன், எழுந்தேன், மீண்டும் வீழ்ந்தேன். மத்தியஸ்தர் நல்லறிவினர், உடனே போட்டியை நிறுத்தினார். பின்னர் வீட்டுக்குச் சென்றபோது என் தாயார் முகத்திலிருந்த காயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஏன் ராசா இப்படி மெலிஞ்சு போனாய்? விடுதியிலை சாப்பாடு தாறேல்லையோ?" என்றே கேட்டார். அதற்கு யான் கூறிய பொய் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. பயிற்றுநர் தீயவர் அல்லர். எங்கள்மீது அன்புடையவர், அவரும் அவ்வாறே பயிற்றப்பட்டவர். மாணவன் தானே விரும்பி நிறையைக் குறைக்கின்றான் என்று நாம் எண்ணுகின்றோம். பெரும்பாலும் கேடயத்துக்குரிய புள்ளிக்கணக்கே அவனைக் குறைக்கச் செய்கின்றது. அக்கணக்கைப் போடுவோர் பெரியோராகிய நாமே.

இவ்வழக்கத்தால் எவருக்கேனும் நன்மை உண்டா எனின், அதுவும் இல்லை. திருவிழாவிலே கூத்துப் பார்க்கும் கூட்டத்தில் முன்வரிசையார் நன்றாகக் காண எழுந்து நின்றால், பின்வரிசையாரும் எழுந்து நிற்கவேண்டியதாகின்றது. ஈற்றில் எல்லோரும் கால்கடுக்க நிற்கின்றனர். ஒருவரேனும் முன்னினும் நன்றாகக் காண்பதில்லை. நிறை குறைத்தலும் அத்தகையதே. ஒருவன் குறைத்து ஒரு பிரிவு கீழிறங்கினால் அவனை எதிர்ப்போனும் குறைத்து இறங்குகின்றான். இருவரும் முன்னர் யாரோடு பொருதியிருப்பாரோ அவரோடேயே பொருதுகின்றனர். வேறுபாடு ஒன்றே: முன்னர் உடல்நலத்தோடு பொருதியிருப்பர், இப்போது நலிவோடு பொருதுகின்றனர்.

'விளையாட்டு என்றால் தியாகம் வேண்டும். பசியையும் தாகத்தையும் அடக்கக் கற்றல் ஒழுக்கமன்றோ?' என்று சிலர் வினவலாம். சைவ மரபில் வளர்ந்த நமக்கு விரதத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கந்தசஷ்டி நாட்களில் ஆறு நாளும் உபவாசம் இருப்போரை நம் இல்லங்களிலேயே கண்டிருக்கின்றோம். ஆனால் விரதம் மனத்தை அடக்குவதற்கு. இதுவோ தராசை ஏமாற்றுவதற்கு. விரதம் இருப்பவர் உண்மையை நாடுகின்றார். நிறை குறைப்பவர் தாம் அல்லாத ஒன்றாகத் தோன்ற நாடுகின்றார். இரண்டிலும் வயிறு வெறுமையாக இருப்பதனாலேயே இரண்டும் ஒன்றாகிவிடமாட்டா. உண்மையான தியாகம் வேண்டுமாயின் அதற்கு இடம் உண்டு. வைகறையில் எழுதலும், நாளும் ஓடுதலும், மிகையுணவை விலக்கி வாரக்கணக்காகக் கொழுப்பைக் குறைத்தலும் தியாகமே. அதனை எவரும் குறைகூறார்.

நிறையைக் குறைப்பதனால் அன்றி, உடல் வளர்ந்தபடி அதனை வளரவிட்டதனால் உயர்ந்தவர் ஒருவரைக் காட்டுவேன். பிலிப்பைன்ஸ் நாட்டு வீரர் மெனி பக்கியாவோ 1998ஆம் ஆண்டில் 112 இறாத்தல் எல்லையுள்ள பிளைவெயிற் பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். 1999ஆம் ஆண்டு செப்டெம்பரில் அப்பட்டத்தைக் காக்கச் சென்றபோது தராசில் எல்லைக்கு மேற்பட்டவராகக் காணப்பட்டுப் பட்டத்தை அங்கேயே இழந்தார். தளர்ந்த உடலுடன் அரங்கேறி மூன்றாம் சுற்றில் தோல்வியும் அடைந்தார். வளர்ந்துவிட்ட உடலைப் பழைய சட்டைக்குள் திணிக்க முயன்றதன் பயன் அது. அதன்பின் அவர் உடலின் சொல்லைக் கேட்டார். பிரிவு பிரிவாக மேலே சென்றார். 2010ஆம் ஆண்டு நவம்பரில் தம்மிலும் மிகப் பெரியவரான அந்தோனியோ மார்கரீற்றோவை வென்று எட்டாவது பிரிவிலும் உலகப் பட்டம் பெற்றார். பிளைவெயிற் பிரிவிலேயே உடலை வாட்டிக்கொண்டு இருந்திருப்பாராயின் அவர் பெயரை இன்று யார் அறிவார்?

தராசையே நம்பியிருந்தோர் அடையும் துயருக்கும் அண்மைச் சான்று உண்டு. குத்துச்சண்டை அன்றாயினும் அதன் உடன்பிறப்பாகிய மற்போரில், 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் விழாவில், இந்திய வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோகிராம் பிரிவில் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். முன்னர் 53 கிலோகிராம் பிரிவில் போட்டியிட்டவர் அவர். முதல்நாள் மூன்று வெற்றிகள். அன்றிரவு முழுவதும் உறங்காது நிறையைக் குறைக்க முயன்றார்; தலைமயிரையும் வெட்டினர். மறுநாட் காலை 100 கிராம் மிகுதி. ஒரு கைப்பிடி அரிசியின் நிறைதான் அது! தகுதி நீக்கப்பட்டுப் பட்டியலின் கடைசியில் இடப்பட்டார். விதியின்மேல் குறைகூறுவோர் கூறுக. விதி யாவர்க்கும் பொது. ஆயினும், பல்லாண்டு உழைப்பை நூறு கிராமின்மேல் நிறுத்திவைத்த அந்த வழக்கத்தையே யான் நோகின்றேன்.

இதனினும் பெரிய துயரும் நிகழ்ந்தது. 1997ஆம் ஆண்டின் இறுதியில், ஐந்து வார காலத்துள், அமெரிக்கக் கல்லூரிகளைச் சேர்ந்த மற்போர் மாணவர் மூவர் நிறை குறைக்கும் முயற்சியிலேயே உயிர் துறந்தனர். மூவரும் இளைஞர்; மூவரும் நீரை வெளியேற்றும் பொருட்டு வியர்வை புலராத உடையணிந்து பயிற்சி செய்தவர்கள். அதன் பின்னரே அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தினர் விழித்தெழுந்தனர். இறப்பர் உடையும் வெப்ப அறையும் தடைசெய்யப்பட்டன. பருவத் தொடக்கத்திலேயே, உடலில் நீர் போதிய அளவு உள்ளதா என்று சோதித்தபின், ஒவ்வொருவர்க்கும் இழிவெல்லை நிறை குறிக்கப்பட்டது. வாரமொன்றுக்கு உடல் நிறையில் நூற்றுக்கு 1.5 பங்குக்கு மேல் குறைத்தல் கூடாது என்று விதிக்கப்பட்டது. நிறுக்கும் நேரம் போட்டி நேரத்துக்கு அண்மையில் வைக்கப்பட்டது. மூன்று உயிர்கள் போனபின் வந்த அறிவு, ஓர் உயிரும் போகாமுன் நமக்கு வரலாகாதா?

ஆதலின், நம் கல்லூரியில் குத்துச்சண்டை மீண்டும் தொடங்குமாயின், பின்வரும் நியதிகளை அதிபரும் ஆசிரியரும் பழைய மாணவர் சங்கத்தினரும் ஏற்றல் வேண்டும் என வேண்டுகின்றேன். முதலாவது, ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் மாணவர் ஒவ்வொருவரின் நிறையும் உயரமும் ஏட்டிற் பதியப்படுதல் வேண்டும். வழக்கமான உணவு உண்டு, வழக்கம்போல் நீர் அருந்தியுள்ள நிலையில் காணப்படும் நிறையே அவனுக்குரிய நிறை. இரண்டாவது, வளரும் பருவத்தினனாகிய எந்த மாணவனும் அணியின் பொருட்டு அந்நிறையினின்று கீழிறங்குமாறு கேட்கப்படலாகாது. ஒரு பிரிவில் ஆளில்லாவிடின் அப்பிரிவை வெறுமையாக விடுவோம். கேடயம் பிறர்க்குச் செல்வதாயின் செல்க. மூன்றாவது, இறப்பர் உடை, பேதி மருந்து, நீர் விலக்கல் ஆகியன கண்டிப்பாகத் தடைசெய்யப்படல் வேண்டும். மீறுவோன் அன்று அரங்கேறலாகாது. நான்காவது, போட்டி நாட் காலையில் நிறையைப் பதிவோடு ஒப்பிட்டு, ஐயத்துக்கிடமான குறைவு இருப்பின் மருத்துவர் சொல்லே முடிவு என்று கொள்ளல் வேண்டும். ஐந்தாவது, ஏனைய கல்லூரிகளையும் இந்நியதிகளுக்கு இசையச் செய்ய முயலல் வேண்டும். ஏனெனில் முன்வரிசையார் ஒருவர் அமர்ந்தாலன்றிப் பின்வரிசையார் அமரமாட்டார்.

இந்நியதிகளால் நம் அணி சில ஆண்டுகள் தோற்கக்கூடும். அதனை ஒப்புக்கொள்கின்றேன். ஆறு இறாத்தல் குறைத்து வந்த எதிரணிச் சிறுவன் ஒருவன் நம் சிறுவனிலும் பெரியவனாகத் தோன்றவும் கூடும். ஆனால் நீர் வற்றாத உடலும் உறங்கி எழுந்த கண்ணும் நம் சிறுவனுக்குத் துணை நிற்கும். இறுதிச் சுற்றில் அத்துணையின் பயன் தெரியும். தெரியாது போயினும், தோல்வியுற்ற மகன் வீட்டுக்குச் சென்று தாயிடம் பொய் கூறவேண்டிய நிலை நேராது.

வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். தன் வலியை அறிதல் என்பது தன் உடலின் உண்மை நிறையை அறிந்து, அதற்கு நாணாது, அதனோடு களம் புகுதலில் தொடங்குகின்றது. அவ்வறிவைப் புகட்டுதற்கு வகுப்பறையினும் விளையாட்டு மைதானம் சில வேளைகளில் ஏற்ற இடமாகும். அன்பர்கள் அரங்கு அமைக்கட்டும், கையுறை வாங்கட்டும். தராசை வாங்கும் செலவை யான் ஏற்றுக்கொள்கின்றேன். அதன்மேல் முதலில் ஏறும் மாணவன் பசியின்றி, தாகமின்றி, அச்சமின்றி ஏறுவானாக. அதுவே இவ்யூபிலி ஆண்டில் யான் நம் கல்லூரிக்கு விரும்பும் பேறு.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் மாணாக்கர்!